மட்காட்டில் அடித்த வெள்ளை

1980-களில் ஊத்தங்கரையில் ஓடிய சைக்கிள்கள் எல்லாம் கறுப்பு. தப்பித் தவறி ஒன்றிரண்டு கரும்பச்சை. அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலிஸானாலும் சரி, லூதியானாவிலிருந்து வந்த ஹீரோவானாலும் சரி, அதே நிறம்தான். வாடகை சைக்கிள் கடைக்காரர்கள் மட்டும் மட்காட்டில் கடைப் பெயரையும் நம்பரையும் மஞ்சள் பெயிண்டில் எழுதி வைத்திருப்பார்கள். வண்டி எந்தப் பட்டிக்குப் போனாலும் திரும்பி வர வேண்டுமே. ஓட்டுகிறவர்களின் உடையிலும் பெரிய வகை கிடையாது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் ஒரு துண்டு. கல்லாவி ரோட்டுச் செம்மண் ஏறி, சாயங்காலத்துக்குள் அந்த வெள்ளை பழுத்துவிடும். ஆனாலும் இருட்டில் ஆள் வருவது தூரத்திலிருந்தே தெரியும்.

இப்போது அதே ஊரில் விடியற்காலையில் ஜெர்சி போட்ட ஒரு கூட்டம் கிளம்புகிறது. பாம்பாறு அணை வரை, இல்லாவிட்டால் தென்பெண்ணைக் கரையில் அனுமந்தீர்த்தம் வரை. விடுமுறை நாளென்றால் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஆசிரியர்கள், ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்த்து வார இறுதிக்கு வீடு வருகிற இளைஞர்கள், ஒரு மாம்பழ மண்டிக்காரர், ஒரு மருந்துக்கடைக்காரர். நானும் அவர்களில் ஒருவன். எங்களுக்கென்று ஒரு ஜெர்சி தைக்கலாம் என்று முடிவானபோது, அதற்கு என்ன நிறம் என்ற பேச்சு மட்டும் மாதக்கணக்கில் ஓடியது. இத்தனை நிறங்கள் கையில் இருக்கும் காலத்தில் ரோட்டில் யார் யார் கண்ணில் படுகிறார்கள், யார் படாமல் போகிறார்கள் என்று என்னை யோசிக்க வைத்தது அந்தப் பேச்சுதான்.

முதலில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வாத்தியார். போக வர சைக்கிள்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் ரிம்மையும் ஸ்போக்ஸ் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் துடைப்பார். பிறகு ஒரு சின்ன டப்பா வெள்ளை எனாமலை எடுப்பார். அந்தக் காலத்து சைக்கிள்களில் பின் மட்காட்டின் கீழ்முனையில் கம்பெனியிலேயே ஒரு வெள்ளைப் பட்டை அடித்து, அதன் நடுவில் சிவப்பு வில்லை ஒன்றைப் பொருத்தி அனுப்புவார்கள். வருஷம் முழுக்கச் சேறும் கல்லும் பட்டுப் பழுப்பேறிய அந்தப் பட்டையைப் பெரியப்பா மறுபடி தீட்டுவார். சிவப்பு வில்லையில் பெயிண்ட் படக்கூடாதென்று அதன்மேல் சந்தனத்தை அப்பி வைப்பார். பெயிண்ட் காய்ந்ததும் ஈரத்துணியால் ஒரு துடை. வில்லை பளிச்சென்று வெளியே வரும். பொட்டு வைப்பதும் பொரி படைப்பதும் அதற்கப்புறம்தான்.

“பின்னால வர்றவனுக்கு நாம தெரியணும்டா. நமக்கு அவன் தெரியறது ரெண்டாவது” என்பார்.

வண்டியில் டைனமோ இருந்தது. பின் டயரின் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டு சுற்றுகிற ரகம். அதைத் தட்டிவிட்டால் மிதிப்பது கனத்துவிடும். வேகத்துக்கு ஏற்ப வெளிச்சம் ஏறும், மேட்டில் மூச்சு வாங்கும்போது அதுவும் மங்கிப் போகும், நின்றால் அணைந்துவிடும். ரோட்டில் நின்றுகொண்டிருக்கிற சைக்கிள்காரன்தான் ரொம்ப ஆபத்தில் இருப்பவன் என்பது பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது. பள்ளி ஆண்டு விழா, கூத்து என்று நேரமாகித் திரும்பும் இரவுகளில் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்துக் கேரியரில் முடிந்து, ஒரு முழம் பின்னால் தொங்க விடுவார். சக்கரத்தில் சிக்காத உயரத்துக்கு அளந்துதான் முடிவார். காற்றில் அது ஆடிக்கொண்டே போகும். ஆடுவது ஏன் முக்கியம் என்பது எனக்குப் புரிந்தது ரொம்ப காலம் கழித்து.

வெள்ளை உடுத்திக்கொண்டு சைக்கிளில் போவது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் கிடைத்த உரிமை அல்ல. இதைச் சொல்லாமல் பழைய ரோட்டின் அழகை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் ஆகும். தமிழ்நாட்டின் பல கிராமங்களில் காலனியிலிருந்து வருகிறவர் ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். சலவை வேட்டி உடுத்தினால் கேள்வி வரும். ஒருவர் கண்ணில் படலாமா கூடாதா, பட்டால் எந்தக் கோலத்தில் படலாம் என்று சாதி விதித்த மரியாதை அது. அந்த மரியாதை இன்று செத்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அரசுக்கு எழுதிக் கொடுத்தது. நிறத்தைப் பார்த்ததும் ஆளின் சாதியைப் படிக்கிற கண்கள் பள்ளிக்கூட வாசலிலேயே இருக்கின்றன என்பதால்தானே அந்தப் பரிந்துரை. எங்கள் கூட்டத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரே சட்டையில் ஒரே வரிசையில் எந்தத் தெருவுக்குள்ளும் இறங்காமல் போகிறார்கள். ஜெர்சி செய்த நல்லதில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன்.

சைக்கிள் இங்கே திடீரென்று மறைந்துவிடவில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட், அதுவும் நம் மாவட்டத்தில் செய்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் பால் கேன், தீவனக் கட்டு, கீரை மூட்டை எல்லாம் அதில் ஏறிக்கொண்டன. அன்று தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஆனோம். பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் சிப்காட் வந்தது. இன்று போச்சம்பள்ளி ஓலா ஆலையிலிருந்து மின்சார ஸ்கூட்டர்கள் நாடு முழுக்கப் போகின்றன. வண்டிகளைச் செய்தே பேர் வாங்கிய இந்த வட்டாரத்தில், இஷ்டப்பட்டு ஏறுகிற பொருளாக சைக்கிள் திரும்பி வந்தது பெங்களூர், ஓசூர் வழியாகத்தான். வரும்போது ஹெல்மெட்டும் ஜெர்சியும் கூடவே வந்தன.

ஜெர்சிப் பேச்சு நடந்தது சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில். இளைஞர்களுக்குக் கறுப்பு வேண்டும். கறுப்பில் தங்கக் கோடு. படத்தில் எடுப்பாக இருக்கும், அழுக்கு தெரியாது, தொப்பை தெரியாது என்று காரணங்கள். மண்டிக்காரர் சிவப்பும் மஞ்சளும் என்றார். ஓசூர்த் தம்பி உடனே தலையை ஆட்டினார்: “வேணாண்ணா. மேல மஞ்சள் கீழ சிவப்புன்னா அது கன்னடக் கொடி. ஜூஜூவாடி தாண்டி அத்திபள்ளிக்குள்ள போனா ஒரு கேள்வி, திரும்பி நம்ம ஊருக்குள்ள வந்தா ஒரு கேள்வி.” 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்ததைப் பார்த்த தலைமுறை அது. எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை ரத்தத்திலேயே உண்டு. நான் அதைக் கோழைத்தனம் என்று நினைக்கவில்லை. சரி, கறுப்பு-சிவப்பு? அது ஒரு கட்சி. நீலம்-சிவப்பு? இன்னொன்று. நீலம்-மஞ்சள்-சிவப்பு? வட மாவட்டங்களில் அதைச் சொல்லவே வேண்டாம். சிவப்பு-மஞ்சள்-சிவப்பு? 2024-லிருந்து அதற்கும் ஆள் இருக்கிறது. காவி, பச்சை எதை எடுத்தாலும் ஒரு கொடிக்கம்பம் நிற்கிறது. வெறும் மஞ்சள் கோயில் வேண்டுதலுக்கு. முழுச் சிவப்பு மேல்மருவத்தூருக்கு. கார்த்திகை பிறந்தால் கறுப்பு ஐயப்பனுக்கு.

வெறும் மஞ்சளுக்கு வேறொரு தடையும் வந்தது. சைக்கிள் உலகத்தில் சில சட்டைகளை ஜெயித்தவர்தான் போட வேண்டும் என்று ஒரு மரபு உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை கொடுக்கும் வழக்கம் 1919-இல் தொடங்கியது. பந்தயத்தை நடத்திய லோட்டோ பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. அதுதான் அந்த நிறத்துக்குச் சொல்லப்படும் காரணம். முதலில் அதைப் போட்ட யூஜின் கிறிஸ்டோஃபைப் பார்த்து வழியெல்லாம் ஜனங்கள் கேனரிக் குருவி என்று கூவியதாக அவரே வருத்தப்பட்டிருக்கிறார். இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் அது ரோஸ் நிறம், 1931-லிருந்து. அங்கேயும் காரணம் ஒரு பத்திரிகையின் ரோஸ் தாள். மலை ஏறுவதில் முந்துகிறவருக்கு வெள்ளையில் சிவப்புப் பொட்டு, 1975-லிருந்து. உலகச் சாம்பியனுக்கு மார்புக்குக் குறுக்கே ஐந்து வண்ணக் கோடுகள். இவற்றின் நகலைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் வருவதைப் பழைய சைக்கிள்காரர்கள் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். அந்த மரபை நான் மதிக்கிறேன். வியர்வை சிந்தி ஒருவர் வாங்கியதை நாம் கடையில் வாங்கி அணியக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் அந்தச் சின்னங்களோடு நிற்க வேண்டும். நிறத்தையே ஒருவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் கறுப்பில் போய் லாரியில் அடிபட முடியாது.

கறுப்புக்கு ஒரு வரலாறு இருப்பதை அன்று அந்த டீக்கடையில் சொன்னேன். இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோட்டில் சைக்கிள் பந்தயம் என்றாலே போலீஸும் குதிரை வண்டிக்காரர்களும் சண்டைக்கு வந்தார்கள். சைக்கிள் சங்கமே பயந்துபோய் ரோட்டுப் பந்தயங்களுக்குத் தடை போட்டது. பிட்லேக் என்பவர் 1895-இல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கு ஒரு நேர இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கிளப்பி, ஓட்டிய நேரத்தை வைத்து வெற்றியைத் தீர்மானிப்பது. விடியற்காலையில் நடக்கும், எந்த ரோடு என்பது ரகசியக் குறியீடாகத்தான் தெரியும், போட்டியாளர்கள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடுத்தி வர வேண்டும். பந்தயம் நடப்பதே யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது என்பதற்காக உண்டான கறுப்பு அது. ஒளிந்து ஓட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. கிருஷ்ணகிரி–திண்டிவனம் நெடுஞ்சாலையில், கிரானைட் பாளம் ஏற்றிய லாரிகளுக்கு நடுவில் அதே கறுப்பில் ஓட்ட நமக்கு என்ன கட்டாயம்?

“அப்ப சிவப்பு?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

சிவப்பு பகலில் பளிச்சென்ற நிறம்தான். ஆனால் வெளிச்சம் இறங்க இறங்க, கண்ணுக்கு முதலில் இருண்டு போவதும் அதுதான். பொஹிமியாவைச் சேர்ந்த புர்கின்யே என்ற உடலியல் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பகலில் நெருப்பாக இருக்கும் சிவப்புப் பூக்கள் விடியலில் கருமையாகத் தெரிவதைக் கவனித்து எழுதினார். நாங்கள் கிளம்புவதே அந்த வெளிச்சத்தில்தான். சாயங்காலம் டியூஷன் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்புவதும் அதே வெளிச்சத்தில்.

பிறகு பளீர் மஞ்சள், பளீர் ஆரஞ்சு என்று வந்தோம். நெடுஞ்சாலை வேலைக்காரர்கள் போடும் நிறங்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி, தெரிகிற வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கும் சாயம் அது. மேகமூட்டத்திலும் அந்தியிலும் மற்ற நிறங்கள் மங்கும்போது இது எடுத்துக் காட்டுவது அதனால்தான். ஆனால் முழுசாக இருட்டிய பிறகு அந்த வித்தை நடக்காது. ஹெட்லைட்டில் அந்த ஒளி அநேகமாக இல்லை. அப்போது வேலை செய்வது வேறொன்று: ரேடியம் ஸ்டிக்கர் கடைகளில் விற்கும் பட்டை. நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த அந்தப் பட்டை தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். விளக்குக்குப் பக்கத்தில் கண் இருக்கிறவருக்குத்தான் அது முழுசாகப் போய்ச் சேரும். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் விளக்கிலிருந்து கொஞ்சம்தான் மேலே இருக்கிறது. லாரி டிரைவரின் கண் எட்டாத உயரத்தில். அதனால் அதே பட்டை காருக்குத் தெரிகிற அளவுக்கு லாரிக்குத் தெரியாது. நம் ரோட்டில் நாம் பயப்பட வேண்டியது லாரிக்கு என்பதால், ஒரு மெல்லிய கோடு போதும் என்று சொன்ன தையல் கம்பெனியிடம் அகலப் பட்டை கேட்டு நான் பிடிவாதமாக நின்றேன்.

மஞ்சளா ஆரஞ்சா என்பதில் எங்கள் மண்ணும் ஒரு கட்சியாக வந்து சேர்ந்தது. மழைக்குப் பிறகு பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல் நிற்கிறது. ரோட்டோரம் முழுக்க மாந்தோப்பு. அந்தப் பச்சையில், பச்சை கலந்த பளீர் மஞ்சள் கரைந்துவிடும். சரி ஆரஞ்சு என்றால், கோடையில் வெட்டிப் போட்ட செம்மண் மேட்டின் முன்னால் அது கரைகிறது. வருஷத்தில் எந்த மாதத்திலும் எங்கள் ஊர் வயலிலும் மண்ணிலும் இல்லாத நிறம் ஒன்றே ஒன்று: பளீர் ரோஸ்.

சொன்னதும் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு தம்பி, “ஆம்பளைங்க ரோஸ் கலரா?” என்றார். இத்தாலியில் மூன்று வாரம் மலையேறிச் செத்துப் பிழைத்து வருகிற ஆண்கள் அந்த நிறத்துக்காகத்தான் செத்துப் பிழைக்கிறார்கள் என்றேன். எங்கள் கூட்டத்தில் அன்று இருந்த ஒரே பெண், அரசுப் பள்ளி ஆசிரியை, வேறு விதமாகப் பதில் சொன்னார்: “எந்தக் கட்சிக்காரனும் கேள்வி கேட்க மாட்டான், எந்த ஊர்க்காரனும் கேட்க மாட்டான். அது போதாதாப்பா?” அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார். ஜெர்சி உடம்போடு ஒட்டிப் பிடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். லாரிக்காரர் கண்ணில் படுவதற்காக ஒரு சட்டை போட்டால், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணும் சேர்ந்தே விழுகிறது; அந்தச் சுமை ஆண்களுக்கு இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு அந்தப் பார்வைகளைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார்கள். புடவையில்தான் வந்தார்கள். அவரவர்க்குக் கூச்சமில்லாத உடைதான் ஓட்ட உகந்த உடை. ஆசிரியை சொன்ன அளவே எல்லாருக்கும் என்று முடிவானது. ஆண்களும் ஊருக்குள் நுழையும்போதும், கோயில் வாசலில் நிற்கும்போதும் லைக்ராவின் மேல் ஒரு தொளதொள அரைக்கால் சட்டை போட்டுக்கொள்கிறோம். பெரியவர்கள் எதிரில் டீ குடிக்க அது சௌகரியம்.

திருப்பூரில் தைத்து வந்தது. பாலியஸ்டர் துணி, காகிதத்தில் அச்சடித்த சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றுகிற முறை. நிறம் உரியாது. ஆனால் பளீர்ச் சாயம் வெயிலில் வெளுக்கும் என்பதால் நிழலில்தான் உலர்த்துகிறோம். முதுகில் மூன்று பை, அதற்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ரேடியம் பட்டை. பெங்களூர்ப் பக்கம் 200, 300 கிலோமீட்டர் பிரெவே என்ற நெடுந்தூரச் சவாரி ஓட்டப் போகிற எங்கள் தம்பிகளுக்கு அங்கே இருட்டினால் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். அது இல்லாமல் ஓட்ட விடமாட்டார்கள்.

நிறத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டது வீண் அல்ல என்பதற்கு டென்மார்க்கில் ஒரு ஆய்வு இருக்கிறது. 6,793 சைக்கிள்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பளீர் மஞ்சள் ஜாக்கெட் கொடுத்து ஒரு வருஷம் கவனித்தார்கள். 2018-இல் வெளியான முடிவு: ஜாக்கெட் போட்டவர்களுக்குக் காயம்படும் விபத்துகள் 47 சதவீதம் குறைவு. ஜாக்கெட் போட்டவர்கள் சில விபத்துகளைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஐயப்பட்டு, அதைக் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் 38 சதவீதம். ஆனால் சட்டை எல்லாவற்றையும் செய்துவிடாது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இயன் வாக்கர் குழு ஏழு விதமான உடைகளில் ஒரே ஆளை ஓட்டவிட்டு, கடந்து போன வண்டிகள் எவ்வளவு இடம் விட்டன என்று அளந்தது. என்ன உடை போட்டாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு வண்டிகள் அரை மீட்டருக்குள் நெருங்கியே போயின. போலீஸ் என்றும் வீடியோ எடுக்கிறோம் என்றும் எழுதிய மேல்சட்டைக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக ஒதுங்கினார்கள். நம்மைப் பார்த்த பிறகும் உரசிப் போகிறவரை எந்த நிறமும் திருத்தாது. பெரியப்பாவின் காலத்தில் வண்டிகள் குறைவு. பார்த்தவர் ஒதுங்குவார் என்ற நம்பிக்கையில் அவர் வெள்ளை அடித்தார். இன்று அந்த ஒதுங்குதலைச் சட்டமும் சாலையும் வாங்கித் தர வேண்டும். தெரிய வைப்பது நம் கடமை என்றால், தெரிந்தவருக்கு இடம் விடுவது வண்டி ஓட்டுகிறவரின் கடமை. முதலாவதை மட்டும் நம் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

எனக்கு இதில் ஆறாத விஷயம் வேறு. ரோஸ் ஜெர்சியில் நாங்கள் இருபது பேர் போகும்போது லாரிகள் தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கின்றன. எங்களுக்கு எதிரே, அதே இருட்டில், பால் சொசைட்டிக்கு இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு ஒருவர் மிதித்து வருகிறார். மேலே பழைய நீலச் சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கி, தலையில் பழுப்புத் துண்டு. டைனமோ கிடையாது, இப்போது வரும் சைக்கிள்களில் அதை யார் பொருத்துகிறார்கள்? கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோட்டுக்கு வருகிற பெண்கள் கருநீலச் சீருடையில் வருகிறார்கள். விலையில்லா சைக்கிள் வாங்கிய பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதுகில் கறுப்புப் பை. 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லாருக்கும் விரிந்த அந்தத் திட்டம் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பெண்களின் படிப்பை நிற்காமல் காத்தது. அப்பேர்ப்பட்ட சைக்கிளில் போகிற பிள்ளை இருட்டில் தெரியாமல் போகலாமா? வெள்ளை வேட்டி பெரியப்பாவின் தலைமுறைக்குக் கிடைத்த இலவசப் பாதுகாப்பு. அது போய், அழுக்குத் தாங்கும் அடர்நிறம் உழைக்கிறவர்களின் உடையானது. பளீர் நிறங்கள் பணம் கொடுத்து வாங்குகிறவர்களிடம் வந்து சேர்ந்தன.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரித் தண்ணீர் வழிந்து ரோட்டில் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனதை நாடே பார்த்தது. அதற்கடுத்த இரவில் கரண்ட் இல்லாத ரோட்டில், மேல்சட்டை போட்ட சாலைப் பணியாளர்கள் மட்டும்தான் என் டார்ச்சுக்குத் தெரிந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் கிட்டே வந்த பிறகுதான் ஆளாகத் தெரிந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜோவான் வுட் குழு இரவில் செய்த சோதனை எனக்கு வழி காட்டியது. கறுப்பு உடையில் இருந்த சைக்கிள்காரரை அடையாளம் கண்ட டிரைவர்கள் 2 சதவீதம். பளீர் மேல்சட்டைக்கு 15. ஒளி திருப்பும் மேல்சட்டைக்கு 50. அதே மேல்சட்டையோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோது 90. மிதிக்கும்போது கால் மேலும் கீழும் போகிறது. அந்த அசைவைக் கண்டதும் இது மனிதன் என்று மூளைக்குச் சட்டென்று புரிகிறது. இருட்டில் நகரும் சில வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்தே மனித நடையைக் கண்டுபிடித்துவிடுகிறோம் என்று ஸ்வீடனின் குன்னார் யோஹான்சன் 1973-லேயே காட்டியிருந்தார். பெரியப்பா அந்தத் துண்டை ஏன் ஆட விட்டார் என்பது இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

அதனால் ஜெர்சிக்குச் சேர்த்த பணத்தில் மிச்சத்துக்கு ரேடியம் பட்டை ரோல்களும், ஒட்டிப் பிடிக்கும் வெல்க்ரோவும் வாங்கினோம். கணுக்காலுக்கு ஒரு ஜோடி தைக்க ஆகும் செலவு ஒரு டீ, வடைக்குள் அடங்கிவிடுகிறது. விலையில்லா சைக்கிள் கொடுக்கும்போதே பெடலிலும் பின் மட்காட்டிலும் தரமான பட்டை ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சைக்கிள் ரிப்ளெக்டரின் தரத்துக்கு 2020-இல் மத்திய அரசு உத்தரவே போட்டிருக்கிறது. கேட்பதற்கு அந்த ஆதாரம் போதும். அது நடக்கும்வரை பள்ளி வாசலில் நாங்களே ஒட்டுகிறோம்.

பால்காரரிடம் ஒரு ஜெர்சியும் ஒரு ஜோடி கால்பட்டையும் நீட்டினேன். ஜெர்சியைத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இது வழுக்குது தம்பி, கேன் தூக்கினா தோள்ல நிக்காது. கால்ல கட்டறதக் குடு.” கட்டிப் பார்த்தார். காலைத் தூக்கித் தூக்கி என் லைட்டில் காட்டினார். “இன்னும் நாலு கிடைக்குமா?”

வீட்டில் யார் யாருக்கு என்று கேட்டேன்.

“ஒண்ணு பேத்திக்கு. மீதி எருமைக்கு. சாயங்காலம் ரோட்டத் தாண்டிதான் வருதுங்க, ஒண்ணும் தெரியறதில்ல.”

கொம்பில் ஒட்டினால் மரத்தில் உரசி உதிர்ந்துவிடும் என்று அவரே சொன்னார். கழுத்துக் கயிற்றில் சுற்றித் தைத்துக் கொடுத்தோம்.